அந்த டிஸ்க் எங்கே என்று கேளுங்கள்!

ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்குகிறீர்கள். சிலர் சீட்டு எடுத்து வாங்குகிறார்கள், சிலர் நகையை அடகு வைத்து, சிலர் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு. கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறார்கள். உள்ளே மெஷின், சார்ஜர், மடித்த காகிதம் ஒன்றிரண்டு. பை இலவசமா என்று கேட்கிறீர்கள். மவுஸும் சேர்த்துக் கொடுங்கள் என்று மல்லுக்கு நிற்கிறீர்கள், வாங்கியும் விடுகிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் உங்கள் வாயிலிருந்து வருவதே இல்லை: “இதில் ஏற்றிக் கொடுத்திருக்கும் விண்டோஸ் நாளைக்குக் கெட்டுப்போனால், திரும்பப் போட என் கையில் என்ன தருகிறீர்கள்?”

ஏன் வருவதில்லை? முந்நூறு ரூபாய் மவுஸுக்குப் போராடத் தெரிந்தவருக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூச்சம்தான் காரணம். ‘இதுகூடத் தெரியாமலா கம்ப்யூட்டர் வாங்க வந்தாய்’ என்று கவுன்ட்டரில் நிற்கும் இருபது வயதுப் பையன் நினைத்துவிடுவானோ என்ற கூச்சம். பணம் உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, வெட்கமும் உங்களுடையதா? இந்தக் கூச்சத்தை முதலில் கொளுத்துங்கள்.

தப்பித்தவறிக் கேட்டவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. “அதெல்லாம் உள்ளேயே இருக்கு சார். ஏதாவதுன்னா எடுத்துட்டு வாங்க, பார்த்துக்கலாம்.” கேட்டவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். இந்தப் பதிலில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். ‘எடுத்துட்டு வாங்க’ என்ற அந்த அழைப்புக்குத் தலையாட்டிய நொடியிலிருந்து, உங்கள் மெஷினுக்கு நீங்கள் பாதி முதலாளிதான்.

உண்மையான பாதி என்ன என்று பார்ப்போம். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: பெட்டியோடு விண்டோஸ் சி.டி. ஒன்று வரும், கூடவே ஒரு சிறு புத்தகம். மெஷின் படுத்துவிட்டால் சி.டி.யைப் போட்டு முதலிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மைக்ரோசாஃப்ட் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கான விதியை மாற்றியது. திருட்டு நகல்களைத் தடுக்கிறோம் என்றார்கள். முழு விண்டோஸ் சி.டி. பெட்டியிலிருந்து மறைந்தது. அதன் இடத்தில், அந்த நிறுவனத்தின் மெஷினில் மட்டுமே ஓடும் ரெகவரி டிஸ்க் வந்தது. அதுவும் செலவு என்று தோன்றியபோது, ஹார்டு டிஸ்கிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியைப் பிரித்து, அதற்குள் மொத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். மெஷின் கிளம்பும்போது ஹெச்.பி.யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டோடு எஃப்10, ஏசுஸில் எஃப்9, தோஷிபாவில் பூஜ்ஜியம் என்று ஆளுக்கொரு பொத்தானை ரகசியக் கதவுபோல வைத்தார்கள். லெனோவோ தன் பல லேப்டாப்களில் குண்டூசியால் குத்த வேண்டிய சிறு துளையாகவே அதை வைத்தது.

எத்தனை பேருக்கு இந்தப் பொத்தான்கள் தெரியும்? சரி, தெரிந்துதான் என்ன? வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் மாற்றுச் சாவியை அதே வீட்டின் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டுப் போன கதை இது. ஹார்டு டிஸ்கே செத்துப்போனால் அந்த மறைவுப் பகுதியும் சேர்ந்தே சாகிறது. வாரண்டியில் சர்வீஸ் சென்டர்காரர் பழைய டிஸ்கைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் கொடுத்தால், புதியதில் அது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பார்ட்டிஷன் பிரிக்கிறேன், டி டிரைவைப் பெரிதாக்குகிறேன் என்று யாரோ கை வைத்தாலும் போயிற்று.

விண்டோஸ் 7 காலத்தில் நிறுவனங்கள் ஒரு காரியம் செய்தன. புது லேப்டாப்பைத் திறந்தவுடன், “வெற்று டி.வி.டி.களைப் போடுங்கள், ரெகவரி டிஸ்க் எழுதிக்கொள்ளுங்கள்” என்று ஒரு அறிவிப்பு வரும். ஒரு மெஷினுக்கு ஒரு தொகுப்புதான் எழுத விடுவோம் என்று கட்டுப்பாடு வைத்த நிறுவனங்களும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் என்ன செய்தோம்? ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்தினோம். அடுத்த நாளும் அழுத்தினோம். கடைசியில் ‘இனிமேல் கேட்காதே’ என்று அதன் வாயை மூடினோம். அது நம்மிடம் கேட்டது நான்கைந்து டி.வி.டி.யும் ஒரு மாலைப் பொழுதும்தான். இந்த ஒரு விஷயத்தில் நிறுவனங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

“எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதுங்க.”

இந்த வாக்கியத்தைப் பட்டம் பெற்றவர்கள் சொல்கிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். பணிவா அது? சோம்பலுக்குப் போட்ட பட்டு வேட்டி! எட்டுப் பக்க வருமான வரிப் படிவத்தை நிரப்பத் தெரிந்த உங்களுக்கு, ‘அடுத்து’, ‘அடுத்து’, ‘சரி’ என்று மூன்று பொத்தான் அழுத்தத் தெரியாதா? மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு விடிய விடிய இணையத்தில் போராடி இடம் வாங்கிய தாய்க்கு, ஒரு பென் டிரைவில் ரெகவரி எழுதத் தெரியாதா? தெரியாது என்று உங்களிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நீங்களே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டீர்கள்.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு விலை கொடுக்கிறீர்கள் தெரியுமா? மெஷின் ஹேங் ஆகிறது. தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். “ஃபார்மட் அடிக்கணும் சார், ஓ.எஸ். புதுசா போடணும்” என்கிறார். சில நூறு ரூபாய், ஒரு நாள் அவகாசம். மறுநாள் மெஷின் ஜம்மென்று வருகிறது. திறந்து பார்த்தால் நீங்கள் வாங்கியபோது இருந்த விண்டோஸ் இல்லை. பெயரில் ‘ப்ரோ’ என்று பெரிதாக இருக்கிறது, கூடவே உரிமப் பூட்டை உடைக்கும் ஒரு கிராக். காசு கொடுத்து வாங்கிய அசல் உரிமத்தின் மேல், காசு கொடுத்தே திருட்டு நகலைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்! அந்தக் கிராக்கோடு வேறென்ன உள்ளே வந்தது, உங்கள் வங்கிக் கடவுச்சொல்லை எது எட்டிப் பார்க்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் எதுவும் கொண்டுபோகவில்லை, எதுவும் கேட்கவில்லை. கையில் இருந்ததைப் போட்டார்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, மெஷினின் அடியில் ஒட்டியிருந்த இருபத்தைந்து எழுத்துச் சாவி ஸ்டிக்கரை எடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களின் மெஷின்களில் அந்தச் சாவியை மதர்போர்டுக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். ஆகவே உங்கள் லேப்டாப்பை எத்தனை முறை யார் ஃபார்மட் அடித்தாலும், நீங்கள் காசு கொடுத்த உரிமம் போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதே வகை விண்டோஸை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டு, இணையத்தில் இணைத்தால் போதும்; சாவி கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற வகை. மெஷின் நன்றாக இருக்கும்போதே செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று போய்ப் பார்த்து, வகையின் பெயரை பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள். இனி எவராவது “ஒரிஜினல் போட்டா ரொம்பச் செலவாகும் சார்” என்றால், “என் ஒரிஜினல் போர்டிலேயே இருக்கு தம்பி, அதே ஹோம் வகையைப் போடு” என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

விண்டோஸ் இல்லாத டாஸ் மெஷின் வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விலை குறைவு என்று பில்லில் ‘டாஸ்’ என்று போட்டு வாங்கி, கடைக்காரர் “விண்டோஸ் நான் போட்டுத் தரேன்” என்று சொன்னதை நம்பியிருந்தால், அந்த போர்டில் சாவி கிடையாது. உங்களிடம் இருப்பது நகல். ஒன்று, உரிமத்தை விலை கொடுத்து வாங்குங்கள். அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடுங்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இலேயே வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே போட்டே மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். வீட்டில் அதுவரை கம்ப்யூட்டரையே பார்த்திராத பிள்ளைகள் மெஷினைக் கிளப்பும்போது எது வேண்டும் என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பிளஸ் டூ பிள்ளைக்கு வந்த துணிச்சல் உங்களுக்கு வராதா?

கேட்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

1999 பிப்ரவரி 15. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபாஸ்டர் சிட்டி என்ற ஊரிலிருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் திரண்டு போனார்கள். ‘புது கம்ப்யூட்டரோடு விண்டோஸைக் கட்டாயமாக எங்கள் தலையில் கட்டினீர்கள். ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று உங்கள் உரிம ஒப்பந்தமே சொல்கிறது. நாங்கள் ஏற்கவில்லை, பணத்தைக் கொடுங்கள்’ என்று கேட்டார்கள். அன்று பணம் கிடைக்கவில்லை; கம்ப்யூட்டர் விற்றவரைப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ அழுத்தும் ஒப்பந்தத்தை இவர்கள் படித்திருந்தார்கள். படித்தவன் வாசலில் வந்து நிற்கும்போது, எதிரில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சம்பவம் இன்னும் சுவையானது. இத்தாலியில் ஒருவர் 2018-இல் லெனோவோ லேப்டாப் வாங்கினார். அவருக்கு விண்டோஸ் தேவையில்லை. அதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்டார். தொகை 42 யூரோ. அன்றைய நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய்கூட வராது. நிறுவனம் மறுத்தது. விட்டுத்தள்ளு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவர் விடவில்லை. நீதிமன்றம் போனார், வென்றார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பரில் மான்சா நகர நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததோடு நிற்கவில்லை. ஒரு சாதாரண வாடிக்கையாளரை இப்படி இழுத்தடித்ததற்காக 20,000 யூரோ கொடுக்கவும் உத்தரவிட்டது. அவர் அதில் 15,000 யூரோவை ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். உலகின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனம் ஒரு பக்கம், தனி மனிதர் ஒருவர் மறுபக்கம். அவரிடம் இருந்தது பில், ஒப்பந்தத்தின் ஒரு பத்தி, பின்வாங்காத பிடிவாதம். இந்த மூன்றில் எது உங்களிடம் இல்லை?

டிஸ்க் தரவில்லை என்பதற்காகவே வழக்குப் போடுங்கள் என்று நான் தூண்டவில்லை. முதலில் கேளுங்கள். வாங்கும் முன்பே கேளுங்கள்: விண்டோஸ் உரிமம் பில்லில் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறதா? ரெகவரியை நானே எழுதிக்கொள்ள இந்த மாடலில் வழி என்ன? டிஸ்க் மாற்றினால் விண்டோஸை யார் போட்டுத் தருவார்கள், கட்டணம் உண்டா? சென்னை ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. பதில் சொல்ல முகம் சுளிப்பவரிடம் ஏன் நிற்கிறீர்கள்? வாங்கிவிட்டவர்கள் தயாரிப்பு நிறுவனத்தைக் கேளுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவோ மூன்றுமே மெஷினின் அடையாள எண்ணை வைத்து, அந்த மாடலுக்குரிய ரெகவரியை இறக்கிப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளும் கருவிகளை வைத்திருக்கின்றன. டெல் மெஷினில் அது ‘சர்வீஸ் டேக்’ என்ற ஏழு எழுத்து. மெஷினின் அடியில் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள்.

அசல் விண்டோஸ் என்று பில் போட்டு நகலைத் தலையில் கட்டினால் கதை வேறு. அங்கே கெஞ்ச வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் பத்திரமாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. இது மைக்ரோசாஃப்டே சொன்ன கணக்கு. விமானங்கள் ரத்தாயின. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோடி கோடியாகச் செலவழித்து ஐ.டி. துறை வைத்திருக்கும் நிறுவனங்களும் அன்று மண்டையைச் சொறிந்துகொண்டுதான் நின்றன. மருந்து என்னவோ எளிது: சேஃப் மோடில் போய் ஒரேயொரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் மெஷின் மெஷினாக, ஆள் போய் உட்கார்ந்து, கையால் செய்ய வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்ட மெஷின்கள் உள்ளே விடுவதற்கு முன் 48 இலக்கச் சாவியைக் கேட்டன. சாவியை எடுத்துவைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். சாவியே அந்த முடங்கிய சர்வரில்தான் இருக்கிறது என்றவர்கள் விழித்தார்கள். இரண்டொரு நாளில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மீட்புக் கருவியும் என்னவென்று நினைக்கிறீர்கள்? பென் டிரைவில் எழுதிக்கொண்டு போய்ச் செருகும் கருவிதான். இந்த மேகக் கணினிக் காலத்திலும் கடைசியில் காப்பாற்றியது கையில் எடுத்துப் போகும் ஒரு துண்டு.

அந்த 48 இலக்கம் உங்களுக்கும் உண்டு. இப்போது விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது, பலருக்குத் தெரியாமலே. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடையில் யாரோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால் அந்த யாரோவின் கணக்கில் இருக்கும்! போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால், கண்டுபிடித்துக் காகிதத்தில் பேனாவால் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

அடுத்து பென் டிரைவ். 16 ஜி.பி. குறைந்தபட்சம், 32 இருந்தால் கவலையில்லை. காலியாக இருக்கட்டும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸின் தேடல் பெட்டியில் ‘ரெகவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வருகிற கருவியைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்து எழுது என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் பழுது பார்க்க முடியும், விண்டோஸை முழுதாகத் திரும்பப் போட முடியாது. பிறகு ‘அடுத்து’. ஒரு மணி நேரம் போல ஆகும், சில மெஷினில் கூடுதலாகவும் ஆகும். பாதியில் பிடுங்காதீர்கள். உங்கள் படங்களும் கடிதங்களும் இதில் சேராது, அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். மெஷின் ஏற்கெனவே படுத்துவிட்டது என்றால் நண்பரின் மெஷினில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸையே எழுதிக்கொள்ளலாம். காசு கிடையாது.

எழுதி முடித்ததும் ஓடுகிறதா என்று சோதியுங்கள்; சோதிக்காத பென் டிரைவை நம்பாதீர்கள். மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9 அழுத்தியபடி கிளப்புங்கள். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கீபோர்டு எந்த வகை என்று கேட்கும் திரை வரும், அடுத்து மீட்பு வழிகளின் பட்டியல் வரும். பட்டியல் வந்துவிட்டால் போதும், உங்கள் டிரைவ் வேலை செய்கிறது. டிரைவிலிருந்து மீட்டெடு என்பதை மட்டும் இப்போது தொடாதீர்கள், அது உள்ளதை அழித்துவிடும். அணைத்துவிட்டு, பென் டிரைவில் மெஷினின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் காலி பென் டிரைவ் இல்லையா? கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். கிளம்புங்கள்.